உள்ளே பிடிப்பவள்

குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தவளின் காதில் ஷெட்டிலிருந்து சுத்தியல் சத்தம் வந்து விழுந்தது. ணங், ணங், ணங் என்று சுத்தமான சத்தம். அவ்வளவு சுத்தமாக இருக்க வழியே இல்லை.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரைப் பற்றிப் பேசவும் பிடிக்காது. ஆனால் தகட்டைத் தட்டுகிற சத்தத்தில் அவளை யாரும் ஏமாற்றிவிட முடியாது. பதினோரு வருடம் கேட்ட காது அது. வெளியே சுத்தியல் விழும்போது, அதே இடத்தில் தகட்டின் உள்பக்கம் ஒருவர் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்துப் பிடித்திருந்தால் ணங்கென்று வரும். யாரும் பிடிக்காவிட்டால் டொப்பென்று, காலித் தகர டப்பாவைத் தட்டின மாதிரி வரும். சின்னத் தகடாக இருந்தால் ஒரே ஆள் இடக்கையில் கட்டையும் வலக்கையில் சுத்தியலுமாகச் சமாளித்துவிடலாம். மகள் தட்டிக்கொண்டிருந்ததோ காரின் பின்தகடு. கூரையில் தொடங்கி வால் வரைக்கும் ஒரே அலுமினியத் தகடாக வளைந்து இறங்குகிற சமாசாரம். வெளியே நிற்கிறவளின் கை அதன் உள்பக்கத்துக்கு எட்டவே எட்டாது. ஷெட்டிலோ மகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

பிழிந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டுப் போனாள். ஷெட் வாசலிலேயே சோப்பு கருகின நெடி மூக்கில் ஏறியது. அலுமினியத்தை இளக்குவதற்குச் சோப்பைத் தேய்த்துத் தீயைக் காட்டுவார்கள். சோப்பு பழுப்பாகிற நேரத்தில் தீயை விலக்கிவிட வேண்டும். அந்த நெடி அவளுடைய புடவையில், தலைமயிரில், தலையணையில் பதினோரு வருடம் குடியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் கணவர் செத்ததோடுதான் போயிருந்தது. இப்போது மறுபடி வந்துவிட்டது.

மகள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வலக்கையில் சுத்தியல். இடது உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்துத் தடவி மேடு பள்ளம் பார்த்துக்கொண்டிருந்தாள். இடக்கை வெளியேதான் இருந்தது. அம்மா அதை இரண்டு தடவை பார்த்தாள்.

"உள்ள யாருடி?"

மகள் திரும்பாமலே அடுத்த அடியைப் போட்டாள். டொப்.

"வந்து கலைச்சுட்டியா?" என்றாள் மகள். "நல்லா வந்துட்டிருந்துச்சு."

"வண்டிக்குள்ள யாருன்னு கேட்டேன்."

"யாரு இருப்பா? நீ பாட்டுக்கு எதையாவது ஆரம்பிக்காதம்மா."

கதவு இன்னும் பொருத்தாத ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தாள். இருக்கை இல்லை, ஒன்றும் இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டமும் இருட்டும்தான். வால் பக்கம் தகடு தாழ்ந்து இறங்குகிற மூலையில் கட்டை கிடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற, ஓரம் மழுங்கிய இரும்பு. எட்டி எடுத்தாள். எடுத்ததும் கீழே போட்டாள்.

சூடாக இருந்தது. தீயில் காட்டின சூடு இல்லை. ரொம்ப நேரம் ஒருவர் கையில் இருந்த சூடு.

அன்று அவளுக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். அந்தக் காரைப் பற்றி நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும். அவளுடைய கணவர் டிங்கர் வேலைக்காரர். பகலெல்லாம் அடுத்தவன் வண்டியில் நசுங்கியதை நிமிர்த்திவிட்டு, வீட்டுக்கு வந்து சொந்தக் கார் கட்டினார். அவர் வெளியே நிற்பார். அவள் உள்ளே போய், கால் இரண்டையும் மடக்கி, மல்லாக்கப் படுத்து, மூக்குக்கு ஒரு சாண் மேலே இருக்கிற தகட்டில் கட்டையைப் பிடிக்க வேண்டும். "அங்க இல்ல, இங்க! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கத்துவார். கத்தல் தகட்டுக்குள் சரியாகக் கேட்காததால் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியே எந்த இடத்தில் அடிக்கப்போகிறாரோ அங்கே சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. அவள் கட்டையை அங்கே கொண்டுபோய் இரண்டு தட்டு தட்டினால் பிடித்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம் அடி. அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. சில நாள் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அந்த ஒரு தட்டும் இரண்டு தட்டும்தான் அந்த வீட்டின் சம்பாஷணை.

வலது கையில் மூன்று நகம் போய் முளைத்தது. நான்காவது முளைக்கவே இல்லை. ஒருநாள் பத்திரிகையிலிருந்து ஆள் வந்து போட்டோ எடுத்தார்கள். 'தனி ஒருவர் கையால் ஒரு கார்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். படத்தில் அவர் சுத்தியலை ஓங்கிக்கொண்டு சிரிக்கிறார். வேலை நடக்கிற மாதிரியே படம் வேண்டும், சத்தமும் சரியாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அந்த நேரத்திலும் அவளை உள்ளே படுக்க வைத்திருந்தார். அந்தப் படத்தில் அவளும் இருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எதிர்வீட்டு வாத்தியார் மறுநாள் காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "அப்பா விட்ட இடத்துலேந்து பொண்ணு பிடிச்சுட்டாளே. அவரை மாதிரியே, ஒத்த ஆளா!" என்று மெச்சினார்.

"ஆமா சார். எங்க வீட்டுல எல்லாருமே ஒத்த ஆளுதான்" என்று சொல்லிவிட்டு அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. நல்ல வேலை. ஒரு தடவை தேதியைத் தள்ளிப்போட்டாயிற்று. திங்கள்கிழமை காலையில் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகக் கடிதமே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி பஸ்ஸை விட்டால் அதோடு சரி. பெட்டியைக் கட்டுடி என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தாள். "பின்தகடு முடியட்டும்" என்பதே பதில். ஒரு மாதமாக அதே பதில். சாப்பாடு குறைந்துவிட்டது. கன்னம் ஒட்டிவிட்டது. தட்டை நகர்த்துகிற விதம், கூப்பிட்டால் திரும்பாமல் பேசுகிற விதம், எல்லாம் அவர்தான். இவளையும் அந்த வண்டி தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகளை எப்படியாவது அந்த ஷெட்டிலிருந்து பெயர்த்து பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு எந்தக் குறியும் இல்லை.

சனிக்கிழமை கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது கேட்டைத் திறந்த கை அப்படியே நின்றது. பட்டப்பகல். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது.

டிக்.

பிறகு, அமுங்கின குரலில் பதில் சொல்வது போல:

டொக் டொக்.

பிறகு ணங்.

இரண்டு கைப்பையும் தோளை இழுக்க, அவள் அந்தக் கேட்டிலேயே நின்று பதினான்கு தடவை எண்ணினாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, அடி. பதினான்கு தடவையும் பதில் வந்தது. அவள் வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு.

மாலையில் மகள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு நல்லா பிடிச்சம்மா. கை ஆடவே இல்ல."

"நான் எங்கடி பிடிச்சேன்? கடைக்குப் போயிருந்தேன்."

"கோவம்னா கோவம்னு சொல்லு. செய்யறதையும் செஞ்சுட்டு இல்லன்னு சாதிக்காத."

"நீ பாத்தியா? உள்ள குனிஞ்சு பாத்தியா நான்தான்னு?"

மகள் துண்டில் கையைத் துடைத்தாள். அவளுக்கு உண்மையிலேயே கேள்வி புரியவில்லை. "எதுக்குப் பாக்கணும்? தட்டினா பதில் வருது. அப்பா என்னைக்காவது குனிஞ்சு பாத்தாரா?"

அந்தப் பேச்சு அவளை அறைந்தது. அவர் குனிந்து பார்த்ததே இல்லை. ஒருநாள்கூட.

அன்று அவள் தூங்கவில்லை. அவர் செத்த மத்தியானத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோரிடமும் சொன்னது வேறு. சத்தம் கேட்டதும் ஓடி வந்தேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். ஓடி வரவில்லை. உள்ளே படுத்திருந்தாள். அவர் விழுந்தது கேட்டது. சுத்தியல் தரையில் விழுந்து உருண்டதும் கேட்டது. கட்டையை எடுத்தால் திட்டுவாரே என்று முதலில் பிடித்தபடியே கிடந்தாள். பிறகு அது காரணம் இல்லை. பிறகு அவளுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. வெளியே ஏதோ பிராண்டுகிற சத்தம் வந்தது. ஷெட் கூரைமேல் ஒரு காக்கை நடந்தது. தகட்டில் மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒரே ஒரு தட்டு கேட்டது. கையால் தட்டினது. அவள் பதில் தட்டவில்லை. கால்மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

பதினோரு வருடத்தில் அவள் பதில் தட்டாதது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே ஷெட்டுக்குப் போனாள். "இன்னும் எவ்வளவு பாக்கி?"

"ரெண்டு மணி நேரம். உள்ள ஆள் இருந்தா."

"நான் பிடிக்கிறேன். அஞ்சு மணிக்குச் சுத்தியலக் கீழ வச்சுட்டுக் கிளம்பிடணும். பேச்சு மாறக்கூடாது."

மகள் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "சரி. சத்தியமா."

அவள் போட்ட கணக்கு ஒன்றுதான். அந்த இடத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம் உண்டு. அவள் போய்ப் படுத்துக்கொண்டால் வேறு எதுவும் அங்கே இருக்க முடியாது. முதுகைக் கீழே வைத்து, முழங்கையால் நகர்ந்து நகர்ந்து வால் பக்கம் போனாள். எட்டு மாதம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை. எந்தக் குழாய்க்கு அடியில் காலை மடக்க வேண்டும், எந்த ஆணிக்குத் தலையைச் சாய்க்க வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொண்டது. அலுமினியத்தின் வாடை நாக்கில் புளித்தது. தகடு மூச்சில் பனித்தது. கதவு ஓட்டை வழியாக, பாதங்களுக்கு அப்பால், கொஞ்சம் சிமெண்டுத் தரையும் மகளுடைய செருப்பும் தெரிந்தன.

டிக். அவள் கட்டையைக் கொண்டுபோய் டொக் டொக். ணங்.

வேலை நடந்தது. மகளின் அடி லேசானது, ஒரே அளவானது. மழை சொட்டுகிற மாதிரி அவசரப்படாமல் விழும். அரைமணி நேரத்தில் அவளுக்குப் பயம்கூட விட்டுப்போனது. பாவிப் பெண், நன்றாகத்தான் அடிக்கிறாள் என்று பெருமையாகவும் இருந்தது, அதனால் இன்னும் எரிச்சலாகவும் இருந்தது. செருப்பு அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் வந்தது. வெளிச்சம் தரையில் மஞ்சளாகி நகர்ந்தது. தோள்பட்டை கடுத்தது. டிக். டொக் டொக். ணங். டிக். டொக் டொக். ணங்.

"அம்மா!" என்று மகளின் குரல் கேட்டது. "என் நீலத் துண்டு எங்க?"

"கொடியில" என்று சொல்ல வாயெடுத்தாள்.

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்திருந்தது.

ணங்.

கட்டை உள்ளங்கையில் துள்ளியது. செருப்பு தரையில் இல்லை. எப்போதிலிருந்து இல்லை? டிக் என்று அடுத்த தட்டு வந்தது. அவள் கை தானாகப் போனது. தானாக இரண்டு தட்டியது. அடி விழுந்தது. இரண்டு லேசு, மூன்றாவது பலம். இரண்டு லேசு, மூன்றாவது பலம். அந்த மூன்றாவதில்தான் அவளுடைய நகங்கள் போயின. உலகத்தில் அப்படி அடித்தவர் ஒரே ஆள்.

கத்த நினைத்தாள். வரவில்லை. கையை எடுக்க நினைத்தாள். அதுவும் வரவில்லை.

"நான் குளிச்சுட்டேன். சொன்ன மாதிரி அஞ்சுக்கே வச்சுட்டேன் பாத்தியா? நீ ஏம்மா இன்னும் உள்ளயே கிடக்க?" ஷெட் வாசலில் மகளின் கால் வந்து நின்றது. புதுச் செருப்பு. பக்கத்தில் பெட்டி.

அடி நின்றது.

தகட்டின் மேல் ஏதோ உரசிக்கொண்டு நகர்ந்தது. சுத்தியலின் முகத்தைத் தகட்டில் வைத்து இழுத்துக்கொண்டே நடக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அது அவள் முகத்துக்கு மேலிருந்து வயிற்றுக்குப் போனது. வயிற்றிலிருந்து காலுக்கு. கதவு ஓட்டையின் விளிம்புக்கு. மகள் நிற்கிற பக்கம்.

டிக்.

இந்தத் தட்டு அவளைக் கேட்டது இல்லை, மகளைக் கேட்டது.

"என்னம்மா தட்டற?" என்றாள் மகள். செருப்பு ஒரு அடி முன்னால் வந்தது. குனிகிற மாதிரி முழங்கால் மடங்கியது.

டொக் டொக்! அவள் கட்டையைத் தகட்டில் அறைந்தாள். இங்கே. இங்கே வா. என்னிடம் வா. "போடி! மணி என்ன ஆகுது? பஸ் போயிடும், போ!"

"வெளிய வந்து வழியனுப்ப மாட்டியா?"

"மாட்டேன். இந்த வண்டியக் கட்டிக்கிட்டு ஒரு மாசமா என் முகத்த நீ எட்டிப் பாத்தியா? இப்ப மட்டும் என்ன பாசம் பொங்குது? உன்னப் பாக்கவே பிடிக்கல. போ!"

செருப்பு அசையாமல் நின்றது. பிறகு பெட்டி உயர்ந்தது. "எப்பவும் இப்படித்தான் நீ" என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. கேட் திறந்து அறைந்து மூடிய சத்தம் கேட்டது.

அவள் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது, அதைத் துடைக்கக் கை இல்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவரை வாய்விட்டு அழைத்தாள்.

"அடிடா" என்றாள். "எவ்வளவு வேணும்னாலும் அடி. நான் பிடிக்கிறேன். சாகிற வரைக்கும் பிடிக்கிறேன். என் நகத்தைத் தின்னுட்ட, என் முதுகைத் தின்னுட்ட, என் பேரத் தின்னுட்ட. ஆமா, அன்னைக்கு நீ விழுந்தப்புறமும் உசிரோடதான் இருந்த. தட்டின, கேட்டுச்சு. வேணும்னுதான் வரல. அதுக்கு எங்கிட்ட கணக்குத் தீர்த்துக்கோ. அவளத் தொடாத. அடிடா!"

அடித்தார். ஒரு இடத்தையே அடித்தால் தகடு மெலிந்து விரியும், விரிந்தது தொய்யும். அது அவருக்குத் தெரியாததில்லை. அடித்தார். தகடு அவள் மூக்கை நோக்கி இறங்கியது. ஒரு சாண் நான்கு விரலானது. நான்கு மூன்றானது. உள்ளங்கை மரத்துப்போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. தெருமுனையில் பஸ் வந்து நின்ற இரைச்சல் கேட்டது. அங்கே அது எஞ்சினை அணைக்காமல் ஐந்து நிமிடம் நிற்கும். ஏறிடு. ஏறிடு, தாயி.

அடி நின்றது.

அவள் காத்திருந்தாள். மூச்சு தகட்டில் பட்டு முகத்துக்கே திரும்பி வந்தது.

டிக். தகட்டில் இல்லை. ஷெட்டின் தகரக் கதவில்.

"இங்க" என்றாள். டொக் டொக்.

டிக். கேட்டில்.

"இங்கடா! இங்க இருக்கேன்!" டொக் டொக். டொக் டொக். டொக் டொக். முழங்கையை ஊன்றி நகரப் பார்த்தாள். தொய்ந்த தகடு மார்பை அழுத்தியது. காலை நீட்ட முடியவில்லை. முன்பெல்லாம் அவர்தான் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுப்பார்.

டிக். தெருவில். விளக்குக் கம்பத்தில்.

டிக். இன்னும் தள்ளி.

கட்டையால் தகட்டைக் குத்தினாள். குத்திக்கொண்டே இருந்தாள். விரலில் ரத்தம் வழிந்து புறங்கைக்கு வந்தது. தெருவில் யாரோ, "அந்த அம்மாவும் ஆரம்பிச்சுட்டாங்க, ஒத்த ஆளா" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் அது கேட்டது. பெரிய தகடு. பஸ்ஸின் பக்கவாட்டு.

டிக்.

அவள் கை நின்றது. மூச்சும் நின்றது. தட்டாதே. கண்ணே, தட்டாதே. காது கேட்காத மாதிரி இரு. சன்னலை மூடிக்கொள். தட்டாதே.

டொக் டொக்.

உள்ளேயிருந்து. விரல் முட்டியால் தட்டினால் அப்படிக் கேட்காது. இரும்பு.

பிறகு ணங். இரண்டு லேசு, மூன்றாவது பலம். பஸ் கிளம்பியது. அடியும் அதோடு கிளம்பியது. டிக், டொக் டொக், ணங் என்று பிசகாமல், தெருவைத் தாண்டி, திருப்பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மகள் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.